சத்தம் போட்டா குளம் பெருகாது!

(நாங்குநேரியில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



மணிமுத்தாறு தண்ணி கேட்டு அடுத்த வாரம் தாசில்தார் முன்னாலே பேச்சுவார்த்தைக்குப் போறோம். மேலே உள்ள 1, 2-ஆவது ரீச் விவசாயிகளும் வர்றாங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.

சில வருஷத்துக்கு முந்தி இதே மாதிரி ஒரு பேச்சுவார்த்தைக்கு நான் போனேன். "தண்ணி திறங்க" என்றேன். "முடியாது" என்றார்கள். மேஜையைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். வாசல்லே எல்லாரும் கை தட்டினாங்க. குளத்துக்குச் சொட்டுத் தண்ணி வரலை, பிசானம் போச்சு. "ஏன் முடியாது?" என்று நான் ஒரு வார்த்தை கேட்கலை. அது என் தப்பு.

காவிரியைப் பாருங்க. 2002-லே ரெண்டு மாநிலமும் கொதிச்சுது. 2003-லே இரு மாநில விவசாயிகளும் சென்னையிலே கூடி 'காவிரிக் குடும்பம்' அமைச்சாங்க. பேராசிரியர் ஜனகராஜன் துணை நின்றார். நம்ம ஆட்கள் அங்கே போய்ப் பார்த்தாங்க, அவங்க டெல்டாவுக்கு வந்து பார்த்தாங்க. வெளியிலே சண்டை 'எத்தனை டி.எம்.சி.' என்று. மனசிலே இருந்தது வேற. மழை பொய்த்தா நிக்கிற கரும்பு கருகிடுமே என்று மண்டியா சம்சாரிக்குப் பயம். நாத்து விடுற நேரத்துக்குத் தண்ணி வருமா என்று தஞ்சாவூர் சம்சாரிக்குக் கவலை. அதோட வழக்கு தீர்ந்துடலை. 2007-லே நடுவர் மன்றம் தீர்ப்புச் சொல்லி, 2018-லே உச்ச நீதிமன்றம்தான் நமக்கு 177.25 டி.எம்.சி. என்று முடிவு பண்ணிச்சு. ஆனா அந்தப் பக்கம் இருக்கிறவனும் நம்மளைப் போல சம்சாரிதான் என்று தெரிஞ்சுது.

நம்ம கதைக்கு வருவோம். நம்ம குளங்க 3, 4-ஆவது ரீச்சிலே இருக்கு. மேலே உள்ளவங்க மறிக்கிறாங்கன்னா, அறுவடைக்கு முன்னாடி அணை வத்திடுமோ என்ற பயமா இருக்கலாம். அதைக் கேளுங்க. நமக்கு நாள் முழுக்கத் தண்ணி ஓட வேண்டாம், குளம் ஒரு தடவை பெருகினா கிணறு ஊறும், ஆடு மாடு பிழைக்கும். இத்தனை நாள் முறைவச்சு விட்டா போதும் என்று சொன்னா, அவங்க பயத்துக்கும் பதில் கிடைக்கும்.

அதிகாரிக்கு மேலிடத்துக்குக் காட்டக் காகிதம் வேணும். எந்தக் குளத்திலே எத்தனை அடி தண்ணி, எத்தனை ஏக்கர் ஆயக்கட்டு என்று ஊர்வாரியா எழுதிக் கையிலே கொடுங்க.

ஒருத்தர் மட்டும் பேசணும். எதுக்குக் கீழே இறங்க மாட்டோம் என்பதை இங்கேயே முடிவு பண்ணிடணும். அவங்க கஷ்டத்தைக் கேட்கிறதாலே நம்ம உரிமையை விட்டதா ஆகாது. ஒத்துக்கிட்டதை எழுதி, கையெழுத்து வாங்காம எழுந்திரிக்காதீங்க.

அப்பவும் நியாயம் கிடைக்கலைன்னா மறியலுக்கு முதல் ஆளா நான் உட்காருவேன்!

கடைமடைக் குளம் பெருகட்டும்! விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!