கம்பெனிக்கு நாம் கேடயம் அல்ல!

(புகையிலை விளையும் கிராமங்களில் சங்கம் நடத்திய விளக்கக் கூட்டங்களில் பேசப்பட்ட உரை)

 

தண்ணீர், உரம், கடன், கொள்முதல் விலை என்று பேசுகிற சங்கம் இன்றைக்கு ஏன் புகையிலையையும் ரம்மியையும் பற்றிப் பேச வந்திருக்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜனங்களின் உடம்பையும் குடும்பத்தையும் கெடுக்கிற வியாபாரத்துக்கு அரசாங்கம் கடிவாளம் போட வரும்போதெல்லாம், கம்பெனிக்காரன் ஏழையின் பிழைப்பைத்தான் முன்னால் நிறுத்துகிறான். புகையிலை என்றால் விவசாயி பெயர். பீடி என்றால் பீடி சுற்றுகிற பெண்கள் பெயர். சூதாட்டம் என்றால் இளைஞர்களின் வேலை. லாபம் அவனுக்கு, பழி நமக்கு!

நடந்த கதை ஒன்று சொல்கிறேன். சிகரெட், பீடி பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று மத்திய அரசு 2014-ல் அறிவித்தது. 2015 ஏப்ரலில் அமலுக்கு வர வேண்டியது. ஆனால் பார்லிமெண்ட் கமிட்டி ஒன்று குறுக்கே வந்து தள்ளி வைக்கச் சொன்னது. அந்தக் கமிட்டியில் பீடித் தொழில் நடத்துகிற எம்.பி. ஒருவரே உறுப்பினர்! பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். படம் போட்டால் புகையிலை விவசாயி நடுத்தெருவுக்கு வந்துவிடுவான் என்று கம்பெனிகள் கூப்பாடு போட்டன. கடைசியில் 2016 ஏப்ரலில் படம் வந்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2017 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 2018 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது. படம் நிலைத்தது.

நம் பெயரைச் சொல்லி அழுதவன் நமக்கு என்ன செய்தான்? வெர்ஜினியா புகையிலைக்காவது புகையிலை வாரியம் இருக்கு, ஏலம் இருக்கு. வேடசந்தூர், வேதாரண்யம் பக்கம் விளைகிற நம்ம மெல்லும் புகையிலைக்கு அந்த ஏலமும் கிடையாது, குறைந்தபட்ச ஆதரவு விலையும் கிடையாது. வியாபாரி சொன்னதுதான் விலை. நாற்று விட்டு, தண்ணீர் கட்டி, கொழுந்து கிள்ளி, வெட்டி, காயப்போட்டு, பதம் பார்த்து, குடும்பமே மாசக்கணக்கில் கிடந்து பாடுபடுகிறோம். ஈர இலையைத் தொட்டு வேலை செய்தால் நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். தலைசுற்றலும் வாந்தியும் வரும். "வெயில் தாக்கம்" என்று சொல்லி வீட்டுப் பெண்கள் படுத்துக்கொள்கிறார்களே, பல நேரம் அது வெயில் இல்லை தாயே, புகையிலை விஷம். புற்றுநோய்ப் படத்தைக் கண்டு பதறுகிற கம்பெனி, இதற்கு ஒரு ஜோடி கையுறையாவது கொடுத்ததா?

"வரி தருகிறோமே, அதில்தானே அரசாங்கம் நடக்குது" என்பார்கள். அதற்கும் கணக்கு இருக்கு. 2017-18 ஒரு வருஷத்தில் மட்டும், 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புகையிலையால் வந்த நோய், சாவு இவற்றால் நாட்டுக்கு ஆன நஷ்டம் 1,77,341 கோடி ரூபாய். புகையிலையில் வந்த கலால் வரி அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. வருஷத்துக்குச் சுமார் 13 லட்சம் பேர் இந்த நாட்டில் புகையிலையால் சாகிறார்கள். ஆஸ்பத்திரி செலவுக்கு நிலத்தை அடமானம் வைப்பது யார்? நாம்தான்.

சூதாட்டத்துக்கு வருவோம். 1968-ல் நம் மாநிலத்தில் அரசாங்கமே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கியது. 2003 ஜனவரியில் அது தடை செய்யப்பட்டது. சீட்டு விற்றவர்கள் கஷ்டப்பட்டது உண்மை. அவர்களுக்கு மாற்றுத் தொழில் கேட்டதும் நியாயம். ஆனால் லாட்டரி போனதால் அரசாங்கம் கவிழ்ந்துவிடவில்லை.

சீட்டுக்கடை போய் இப்போது செல்போனுக்குள் கடை வந்துவிட்டது. 2021-ல் தமிழக அரசு போட்ட தடைச் சட்டத்தை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு புது மசோதா நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றிய பிறகுதான் ஒப்புதல் கிடைத்தது. அதே வருஷம் நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி உயர்நீதிமன்றம் அவற்றை மட்டும் தடையிலிருந்து எடுத்துவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடுக்கச் சட்டம் இயற்றியது. உடனே கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. சொன்ன காரணம் தெரியுமா? வேலை போகும், வரி போகும்! புகையிலைக்காரன் பாடிய அதே பாட்டு.

தோழர்களே, பயிரை மாற்று என்று சும்மா சொன்னால் நாமும் ஏற்க மாட்டோம். மாற்றுப் பயிர் போட்டு விலை விழுந்தால் யார் பொறுப்பு? உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை இந்தியா 2004-ல் ஏற்றுக்கொண்டது. அதன் 17-வது பிரிவு சாகுபடி செய்பவருக்கும் தொழிலாளிக்கும் மாற்று வாழ்வாதாரம் தரச் சொல்கிறது. 5-வது பிரிவு, சுகாதாரக் கொள்கையில் புகையிலைக் கம்பெனியின் கை நுழையாமல் காக்கச் சொல்கிறது. 2015-16 முதல் புகையிலைக்கு மாற்றுப் பயிர்த் திட்டமும் இருக்கு. காகிதத்தில் இருப்பதைக் காட்டுக்குக் கொண்டு வா என்பதுதான் நம் போராட்டம்.

நமது கோரிக்கைகள்:

1. புகையிலையை விட்டு மாறும் விவசாயிக்கு விதையும் மானியமும் மட்டும் போதாது. கொள்முதல் உத்தரவாதமும், மாறும் காலத்துக்கு வருமான ஈடும் வேண்டும். குத்தகைதாரருக்கும் கிடைக்க வேண்டும்.

2. புகையிலை வரியில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்க வேண்டும். பீடித் தொழிலாளர்களுக்கும் மாற்று வேலை தர வேண்டும்.

3. புகையிலை, சூதாட்டக் கம்பெனிகளோடு தொடர்புள்ளவர்களைக் கொள்கை வகுக்கும் கமிட்டிகளில் உட்கார வைக்கக் கூடாது.

4. நம் பிரீமியப் பணத்தில் நடக்கும் எல்.ஐ.சி. சிகரெட் கம்பெனிப் பங்குகளை விற்று வெளியேற வேண்டும்.

5. பணம் கட்டி ஆடும் விளையாட்டுத் தடையைக் கோர்ட்டில் உறுதியாக வாதாடிக் காக்க வேண்டும். திருட்டுத்தனமாக வரும் ஆப்களை முடக்க வேண்டும்.

நம் ஊரில் நாமே செய்ய வேண்டியதும் இருக்கு. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயது ஆகாத பிள்ளைக்கு எங்கேயும் விற்கக் கூடாது. இது 2003-ம் வருஷச் சட்டம். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். வாயில் வெள்ளைத் திட்டு, ஆறாத புண் இருந்தால் தள்ளிப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புகையிலையை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம். ரம்மியில் பணத்தை விட்டுட்டு மனசொடிஞ்சு நிற்கிற பிள்ளையை அடிக்காதீங்க, தனியாவும் விடாதீங்க. 14416-க்குப் போன் போட்டுக் கொடுங்க. ஆடினவனுக்குப் புதுச் சட்டத்தில் தண்டனை இல்லை, ஆட வைத்தவனுக்குத்தான் தண்டனை.

கடைசியாக ஒன்று. "விவசாயியைக் காப்பாற்று" என்று தலைப்புப் போட்ட மனுவோடு நாளைக்கு எவனாவது கையெழுத்துக்கு வருவான். அதில் விலைக்கு உத்தரவாதம் இருக்கா, மாற்றுப் பயிருக்குப் பணம் இருக்கா என்று கேளுங்கள். இல்லை என்றால் அது கம்பெனியின் மனு. கையெழுத்துப் போடாதீர்கள்!

நம் பெயரை நாமே பேசுவோம்!
மாற்றுப் பயிருக்கு விலை கொடு!
உயிரைத் தின்னும் வியாபாரத்துக்குக் கடிவாளம் போடு!