மூன்றாவது பெயர்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் பட்டம் பெற்றவனல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவன். செயலாளர் பணித்தமையால், குடியேறிய மக்களின் குடும்ப வரலாறு பற்றிச் சில சொற்கள் கூறத் துணிந்தேன்.

அமெரிக்க நாட்டில் டேனியல் பூன் என்றொருவர் இருந்தார். 1734இல் பென்சில்வேனியாவில் பிறந்து, 1775இல் மலைக்கணவாய் வழியே காட்டுப்பாதை வகுத்துக் கென்டக்கியில் குடியேற்றம் கண்டவர். அவருடைய பாட்டனார் நெசவாளர் என்பதும், இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து 1717இல் கடல் கடந்து வந்தார் என்பதும் இன்றளவும் அறியப்படுகின்றன. காரணம் யாது? பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் சபைப் பதிவேட்டில் எழுதிவைக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. அவர்கள் புகுந்த மண்ணில் வாழ்ந்த பழங்குடியினர் இடம் இழந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

நம் முன்னோரும் ஊர் விட்டு ஊர் வந்தவர்களே. ஆனால் ஒருவரையும் துரத்திவிட்டு வந்தவர்களல்லர். கன்னட மக்களின் அயலாராக வந்தவர்கள். 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்தனர். சென்னைப் படையோடு சிப்பாய்களும், அவர்களைப் பின்பற்றிச் சமையற்காரரும் வண்ணாரும் கொத்தரும் வணிகரும் வந்து, அல்சூரையும் அதன் சுற்றுப்புறங்களையும் தம் ஊராக்கிக் கொண்டனர். 1864இல் சோலையார்ப்பேட்டையிலிருந்து தண்டு வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், மாட்டுவண்டியில் பல நாள் நடந்த பயணம் சில மணி நேரமாயிற்று. வடஆர்க்காட்டுக் குடும்பங்கள் பல அவ்வழியே வந்திறங்கின.

பெங்களூர்த் தமிழருள் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் புகழ் பெற்றவர். இன்று உயர்நீதிமன்றமாக விளங்கும் அட்டாரா கச்சேரி, 1868இல் முடிவுற்றது, அவர் ஒப்பந்தக்காரராக நின்று எழுப்பியதே. 1873இல் எளியோர் பிள்ளைகளுக்காகப் பள்ளியும் நிறுவினார். அவர் பெயர் அப்பள்ளியில் வாழ்கின்றது. ஆனால் அக்கட்டடத்துக்குக் கல் சுமந்தோர் யார்? சுண்ணாம்பு அரைத்த பெண்டிர் யார்? அவர்தம் பேரப்பிள்ளைகள் இந்த அவையிலேயே இருத்தல் கூடும். அவர்களுக்கே அது தெரியாது!

என் குறையையும் கூறிவிடுகின்றேன். என் தந்தையார் காலமானபோது, கருமாதியில் புரோகிதர் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்டார். தந்தை பெயர் சொன்னேன். பாட்டனார் பெயர் சொன்னேன். மூன்றாவது பெயரில் வாயடைத்து நின்றேன். முதுமையுற்ற அத்தையாரை நோக்கினேன். "தண்டுக்கார தாத்தா என்றுதான் சொல்லுவோம் அப்பா, பெயர் தெரியாது" என்று கண் கலங்கினார். பெயரிருந்த பழைய கணக்கு நோட்டை, வீடு மாறும்போது பழைய காகிதக்காரனுக்கு எடைக்குப் போட்டவன் நானே.

அன்பர்களே! எங்கள் அலுவலகத்தில் ஒரு மூட்டை அரிசி ஏறினாலும், எங்கிருந்து வந்தது, எங்குச் செல்வது என்று எழுதாமல் விடமாட்டோம். மூட்டைக்குள்ள மரியாதை நம் முப்பாட்டனுக்கு இல்லையா?

ஆதலின் என் வேண்டுகோள் ஒன்றே. இன்றிரவு வீடு சென்றதும், இல்லத்திலுள்ள முதியோர் அருகில் அமர்ந்து கேளுங்கள்: எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன தொழில், உடன் வந்தோர் யார்? பாட்டிமார் பிறந்த ஊரையும் மறவாது எழுதுங்கள். பணிப்பதிவேடு, கிரயப் பத்திரம், கோயில் நன்கொடைக் கல், திருச்சபைத் திருமுழுக்கேடு ஆகியவற்றையும் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளி நோட்டு ஒன்று போதும்.

என் மகன் என் பெயரையும், என் தந்தையார் பெயரையும், பாட்டனார் பெயரையும் எழுதிவிட்டான். நான்காவது வரி வெறுமையாகவே உள்ளது. உங்கள் இல்லத்து ஏட்டில் அவ்வரி வெறுமையாதல் வேண்டா.