வைகைக் கரையில் உட்கார இடம் கேட்கிறோம்

 

நேராக விஷயத்துக்கு வருகிறேன். விளாங்குடியிலிருந்து விரகனூர் மதகணை வரை வைகையின் இரு கரைகளிலும் நடந்து போகிற மக்கள் உட்காரக் கல் இருக்கைகள் வேண்டும். இந்த ஆறு எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேருகிறது, அதற்கு நாம் என்ன செய்து கொண்டிருக்கிறோம் என்று சொல்லும் தகவல் பலகைகள் வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக அல்ல, கரை நெடுகிலும் வேண்டும். அதற்கான பணத்தை மதுரை மாநகராட்சி தன் நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பு போட்டு ஒதுக்க வேண்டும். இந்தக் கோரிக்கைக்காகத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

இதைக் கேட்டவுடனே முதலில் ஒரு குரல் வருகிறது. "ஆத்துல தண்ணியே இல்ல, சாக்கடைதான் ஓடுது. மொதல்ல அதச் சரி பண்ணுங்கய்யா. பெஞ்சு எதுக்கு, போர்டு எதுக்கு?" இப்படிக் கேட்பவர் நம் எதிரி இல்லை. அவருடைய கோபம் நியாயமான கோபம். ஆனால் அவரிடம் நான் திருப்பி ஒன்று கேட்கிறேன். இந்த ஆற்றில் கழிவுநீர் ஒரே இரவில் வந்து கலந்ததா? ஆண்டுக்கணக்கில், பகல் வெளிச்சத்தில், லட்சக்கணக்கான ஜனம் வாழுகிற ஊரின் நட்டநடுவில்தானே கலந்தது? யார் தட்டிக் கேட்டோம்? கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? நாம் பார்க்கவில்லை! பாலத்தின் மேல் வண்டியில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போனோம். கரையில் நின்று பார்க்க இடமில்லை, உட்கார்ந்து யோசிக்க இடமில்லை. பார்க்க ஆளில்லாத ஆற்றில்தான் குப்பையைக் கொட்டுவார்கள், மணலை அள்ளுவார்கள், குழாயைச் செருகுவார்கள். பத்து பேர் தினமும் உட்கார்ந்து பார்க்கிற கரையில் ஒரு கழிவுநீர் லாரியை நிறுத்திக் குழாயைத் திறந்துவிடப் பார்க்கட்டும்! நடக்காது.

ஆகவே "முதலில் சுத்தம், பிறகு இருக்கை" என்ற வரிசையை நான் ஏற்கவில்லை. கழிவுநீரைத் தடுக்கும் வேலையும் நடக்கட்டும், இதுவும் நடக்கட்டும். அந்த வேலையை முடிக்கச் சொல்லி விடாமல் நச்சரிக்கிற கூட்டம் ஒன்று வேண்டுமே, அந்தக் கூட்டம் இந்த இருக்கைகளில்தான் உருவாகும்.

இரண்டாவது குரல் அதிகாரத்தின் குரல். "இது மாநகராட்சியின் வேலையா? ஆறு பொதுப்பணித் துறையுடையது, நீர்வளத் துறையுடையது" என்கிறார்கள். அரசியல் சட்டத்தைப் புரட்டச் சொல்லுங்கள். 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது கொண்டு வந்த 12-ஆவது அட்டவணையில் நகராட்சி அமைப்புகளுக்கென 18 பொறுப்புகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அதில் எட்டாவது, சுற்றுச்சூழல் பாதுகாப்பு. பன்னிரண்டாவது, பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் போன்ற நகர வசதிகள். பதின்மூன்றாவது, பண்பாடு, கல்வி, அழகியல் ஆகியவற்றை வளர்ப்பது. நாம் கேட்கிற ஒரு கல் இருக்கையும் ஒரு பலகையும் இந்த மூன்றிலும் அடங்குகிறதா இல்லையா? துறைகள் ஒன்றோடொன்று கடிதம் எழுதி அனுமதி வாங்கிக் கொள்ளட்டும். அதைக் காரணம் காட்டி மக்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

2016 செப்டம்பரில் மதுரை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. அதன் பிறகு கரையோரம் தடுப்புச் சுவர்கள் எழுந்தன, சாலைகள் வந்தன. கார் போக வழி கிடைத்தது. நடந்து போகிற கிழவிக்கு என்ன கிடைத்தது? சுவருக்கும் சாலைக்கும் நிதி தேடத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அதில் மிகச் சிறு பங்கே செலவாகும் இருக்கைக்கும் பலகைக்கும் நிதி தேட முடியாது என்றால் யார் நம்புவது?

மூன்றாவது குரல் இனிமையாகப் பேசும். "மாநகராட்சி எதற்குச் செலவழிக்க வேண்டும்? கடைக்காரர், கம்பெனிக்காரர் உபயமாகக் கொடுத்துவிடுவார்களே!" தோழர்களே, இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். உபயம் கொடுக்கிறவர் தன் பெயரைப் பெரிதாக எழுதுவார். ஆற்றின் பெயர் சின்னதாகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நாம் கேட்கிற பலகை உண்மையைச் சொல்ல வேண்டிய பலகை. "இந்த இடத்தில் கழிவுநீர் கலக்கிறது" என்று எழுத வேண்டிய பலகை. விளம்பரதாரர் அதை எழுத விடுவாரா? மக்களின் வரிப்பணத்தில் நட்ட பலகைதான் மக்களிடம் மறைக்காமல் பேசும். அதில் மேயர் பெயரும் வேண்டாம், உறுப்பினர் பெயரும் வேண்டாம், நம் சங்கத்தின் பெயரும் வேண்டாம்.

சரி, பலகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களை என்னோடு இந்தக் கரையில் நடக்கச் சொல்லுங்கள்.

விளாங்குடிப் பக்கம் முதல் பலகை. தேனி மாவட்டத்து வருசநாட்டு மலையில் பிறந்து, ஏறக்குறைய 258 கிலோமீட்டர் ஓடி, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிஞ்சினால் மட்டும் கடலைப் பார்க்கிற ஆறு இது. மேற்கே போய்க்கொண்டிருந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895-இல் இந்த வைகைக்குக் கொண்டு வந்த அணையின் கதை அங்கே இருக்க வேண்டும். 1959-இல் ஆண்டிபட்டி அருகே எழுந்த வைகை அணையில் 71 அடிக்குத் தண்ணீர் நிற்கிறது என்றால் அதன் அர்த்தம் என்ன, அது மதுரைக்கு எப்போது, எதற்காகத் திறக்கப்படுகிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுத வேண்டும். கோச்சடையில் இன்னொரு பலகை வேண்டும். ஆற்றுப் படுகையில் தோண்டிய கிணறுகள் இந்த ஊருக்குக் குடிநீர் கொடுத்தன, அந்த ஊற்றைப் பிடித்து வைத்தது மணல் என்று அது சொல்ல வேண்டும். மணல் போனால் ஊற்றும் போகும் என்பதை ஒரு படம் போட்டுக் காட்டிவிட்டால் எந்தப் பிள்ளையும் மறக்காது.

ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் ஒரு பலகை. கரை உடைந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டதும், ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதரே கூலியாளாய் வந்து பிட்டுக்கு மண் சுமந்ததும் இந்த ஊரின் கதை. ஆவணி மாதம் அந்தத் திருவிழாவை இன்றும் நடத்துகிறோம். கரையைக் காப்பது வீட்டுக்கு வீடு கடமை, அதிலிருந்து ஆண்டவனுக்கே விலக்கு இல்லை என்று சொன்ன ஊர் இது. அந்த ஊரிலா கரைக்குச் செலவு செய்யலாமா வேண்டாமா என்று விவாதம்?

செல்லூரில் பந்தல்குடி கால்வாய் ஆற்றோடு சேரும் இடத்தில் ஒரு பலகை. அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமான பலகை. மழைநீர் கொண்டு வர வேண்டிய கால்வாய் எதைக் கொண்டு வருகிறது என்று அதில் எழுதுங்கள். நீரைப் பரிசோதித்த முடிவை அங்கேயே ஒட்டுங்கள், மாதாமாதம் மாற்றுங்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்த் தெருக்களில் வெள்ளம் புகுந்தது ஏன் என்று எழுதுங்கள். 1993-இல் வைகையில் வந்த வெள்ளத்தை இந்தக் கூட்டத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறியது என்று பெரியவர்களைக் கேட்டு, அரசு ஆவணத்தோடு ஒத்துப் பார்த்து, கல்லில் ஒரு கோடு கீறுங்கள். ஆற்றுக்குள் வீடு கட்டலாம், கடை போடலாம் என்று நினைக்கிறவனுக்கு அந்த ஒரு கோடு போதும்.

யானைக்கல் அருகே ஆற்றின் நடுவில் நிற்கும் மைய மண்டபம், 1889-இல் திறந்த ஏ.வி. பாலம், கள்ளழகர் இறங்கும் ஆழ்வார்புரம், வண்டியூரில் தேனூர் மண்டபம் என்று ஒவ்வொன்றும் பேசக் காத்திருக்கிறது. பரிபாடல் பாடிய திருமருத முன்துறையின் பெயரை எடுத்துச் சொல்லி, மருத மரம் என்றால் எது என்று ஒரு மரத்தை நட்டே காட்டலாம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய தெப்பக்குளத்துக்கு ஆற்று நீர் எந்தக் கால்வாய் வழியாகப் போகிறது என்று அம்புக்குறி போடலாம். இதே ஆற்றங்கரை நாகரிகம்தான் கீழடியில் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. 2023-இல் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள், பெருமைதான். ஆனால் அருங்காட்சியகம் போய்ப் பானையைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளை, அந்தப் பானையில் தண்ணீர் மொண்ட ஆறு தன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடுகிறது என்று அறியாமல் வளர்ந்தால் அந்தப் பெருமை யாருக்கு உதவும்?

இனி இருக்கைக்கு வருகிறேன். காலை நான்கு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடக்கிற துப்புரவுப் பணியாளர் அக்காவுக்கு இந்த நகரம் உட்கார எங்கே இடம் வைத்திருக்கிறது? காசு கொடுத்து டீ வாங்கினால்தான் உட்காரலாம். முட்டிவலியோடு நடக்கிற பெரியவர், வயிற்றுப் பிள்ளைக்காரி, கைத்தறிப் பாவு போட்டுக் களைத்தவர், எல்லோருக்கும் காசில்லாமல் உட்கார ஓர் இடம் வேண்டும். பிடித்துக்கொண்டு எழுந்திருக்கக் கைப்பிடி வேண்டும், சாயச் சாய்மானம் வேண்டும், மேலே நிழல் வேண்டும், முகம் ஆற்றைப் பார்த்து இருக்க வேண்டும். சக்கர நாற்காலி வந்து பக்கத்தில் நிற்கச் சமதளம் வேண்டும். பார்வையற்றவர் தடவிப் படிக்கப் பிரெயில் எழுத்து வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்த உரிமையைத்தான் கேட்கிறோம்.

"குடிகாரர்கள் வந்து படுப்பார்கள், உடைப்பார்கள்" என்பது கடைசிக் குரல். இப்போது மட்டும் கரை யார் கையில் இருக்கிறது, சொல்லுங்கள்! இருட்டும் தனிமையும் இருக்கிற இடத்துக்குத்தான் பாட்டில் வரும். விளக்கு போடுங்கள், தாய்மார்கள் வந்து உட்காரட்டும், பிள்ளைகள் படிக்கட்டும், பாட்டில் தானே விலகிப் போகும். இரும்பில் செய்தால் கழற்றிப் போவார்கள் என்றால் கல்லில் செய்யுங்கள். மேலூர்க் கல் உலகமெல்லாம் போயிருக்கிறது, வைகைக் கரைக்கு வராதா? ஒன்றையும் அழுத்திச் சொல்கிறேன். இருக்கை போடுகிறோம் என்று சொல்லிக் கரையில் கடை வைத்துப் பிழைக்கிற ஒரு குடும்பத்தைக்கூட விரட்டக் கூடாது. தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014-இல் சட்டம் இருக்கிறது. அவர்கள் இருக்கும் கரையில்தான் ஆள் நடமாட்டம் இருக்கும், பாதுகாப்பும் இருக்கும்.

தோழர்களே, வீட்டுக்குப் போய் மறந்துவிடுவதற்காக இதைப் பேசவில்லை. மூன்று வேலைகளைச் சொல்கிறேன். முதலாவது, அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு நீங்கள் ஒவ்வொருவரும் போக வேண்டும். உங்கள் வார்டில் கரையில் எந்த இடத்தில் இருக்கை, எந்த இடத்தில் பலகை என்று எழுதித் தீர்மானமாகக் கொடுங்கள். இரண்டாவது, அந்தத் தீர்மானத்தின் நகலோடு உங்கள் மாமன்ற உறுப்பினரைச் சந்தித்து, நிதிநிலை அறிக்கையில் இதற்குத் தனித் தலைப்பு கேட்டு மன்றத்தில் பேசுவாரா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அமைப்பதற்கு ஒரு தொகை, ஆண்டுதோறும் பராமரிக்க ஒரு தொகை, இரண்டும் வேண்டும். மூன்றாவது, பலகையில் எழுத வேண்டிய செய்தியை ஒப்பந்தக்காரர் கையில் விடாதீர்கள். ஆசிரியர்கள், தொல்லியல் அறிந்தவர்கள், பறவை பார்க்கிறவர்கள், கரையிலே பிறந்து வளர்ந்த பெரியவர்கள் சேர்ந்து எழுதட்டும். தமிழ் பெரிதாக, முதலில் இருக்கட்டும்.

1971-இல் மாநகராட்சியான ஊர் இது. இன்று நூறு வார்டுகள், நூறு உறுப்பினர்கள். அந்த நூறு பேரும் வைகை வளர்த்த ஊரின் பிரதிநிதிகளாகத்தான் மன்றத்தில் உட்காருகிறார்கள். அவர்களுக்கு நாற்காலி கொடுத்தது நாம். நமக்கு ஆற்றங்கரையில் ஒரு கல் இருக்கை கேட்கிறோம். வரும் நிதிநிலை அறிக்கையில் அது வந்தாக வேண்டும். வராவிட்டால் அது வரும்வரை நாம் மாமன்ற வாசலில் நிற்போம். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்!