யார் யார் படம் வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

(நம் சங்கத்தின் கார்த்திகை மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தை பிறந்ததும் நம் குடியிருப்பில் மூன்று வீட்டில் கல்யாணம். போன வாரம் லிஃப்டில் செயலாளர் என்னைப் பிடித்து, "சார், நீங்க ரெண்டு கல்யாணம் பண்ணிப் பார்த்தவர், இந்த போட்டோ விஷயத்துல எல்லாரும் மாட்டிக்கிறாங்க, ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். எனக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து வரிசையைச் சமாளிக்கத் தெரியும். கல்யாண போட்டோவுக்கு அதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

எங்கள் கல்யாணத்தில் ஃபிலிம் ரோல். ஒரு ரோலுக்கு 36 படம், இரண்டு ரோல், மொத்தம் 72. போட்டோக்காரர் ஒவ்வொரு தடவையும் என் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பார். அப்பா தலையசைத்தால்தான் கிளிக். அந்த 72 படத்தில் எங்கள் இரண்டு குடும்பத்திலும் விடுபட்டவர் ஒருவர்கூடக் கிடையாது.

என் மகள் கல்யாணம் கொரோனாவுக்கு முந்தின வருஷம் நடந்தது. ஹார்ட் டிஸ்க்கில் 2,800 படம் வந்தது. என் மனைவியின் அண்ணன், அதாவது என் மகளுக்குத் தாய்மாமன், கும்பகோணத்திலிருந்து சீர்த் தட்டுகளோடு விடியற்காலை வந்து இறங்கினார். மண்டப வாசலில் நாதஸ்வரத்தோடு வரவேற்பு. அந்த நேரம் ஒரு போட்டோகிராபர் மணமகள் அறையில் நகைகளைத் துணிமேல் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் மொட்டை மாடியில் மாப்பிள்ளையோடு. வாசலில் ஒருவரும் இல்லை. முதல் நாள் ரிசப்ஷனிலும் அவர் மேடை ஏறவில்லை. "வெளியாட்கள் முதல்ல போகட்டும், நாம வீட்டுக்காரங்கதானே மாப்ளே" என்று பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

இரண்டாவது அலையில் அவர் போய்விட்டார். பத்தாம் நாள் மாலை போட ஒரு படம் வேண்டும் என்று என் மனைவி அந்த 2,800 படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மகளை மேடைக்குக் கைபிடித்து அழைத்து வரும் இடத்தில் ஒரு படம் இருந்தது. மகள் முகம் மிகத் தெளிவு. பக்கத்தில் மங்கலாக ஒரு தோளும் ஒரு கையும். கையில் இருந்த எச்எம்டி வாட்ச்சை வைத்துத்தான் அது அண்ணன் என்று கண்டுபிடித்தாள். "ஏங்க, இவ்வளவு படம் இருக்கு, அண்ணன் முகம் ஒண்ணுகூட இல்லையே" என்றாள். கடைசியில் அவருடைய ரேஷன் கார்டுக்காக எடுத்த பழைய படத்தைத்தான் பெரிதாக்கினோம்.

போட்டோகிராபரைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்நூறு முகத்தில் தாய்மாமன் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவன் நான். நான் சமையல்காரரோடு பால் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையன் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் சம்பந்தி வீட்டாரோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். இன்ன இன்னாரோடு கட்டாயம் ஒரு படம் என்று பக்கத்துக்குப் பன்னிரண்டு. அதற்கு மேல் போகாதீர்கள், போனால் பட்டியலை யாரும் பார்க்க மாட்டார்கள். முதலில் எண்பது தாண்டியவர்கள், அப்புறம் தூரத்திலிருந்து வருகிறவர்கள், சடங்கில் பங்கு உள்ளவர்கள். இந்தப் பட்டியலைப் போட்டோகிராபர் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. இரண்டு பக்கமும் முகம் தெரிந்த ஒருவர் அவரோடு கூடவே நிற்க வேண்டும். கூடப்பிறந்தவர்களைப் போடாதீர்கள், அவர்களுக்கு மேடையில் வேலை இருக்கும். எங்கள் பக்கம் என் தம்பி மகன், இருபது வயசுப் பையன், நின்றான். "பெரியப்பா, பதினொண்ணு முடிஞ்சுது, திருச்சி அத்தை மட்டும் டிபன்ல இருக்காங்க" என்று வந்து சொன்னான். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அந்தப் பன்னிரண்டு படத்தை எப்போது எடுப்பது என்பது பெரிய கேள்வி. இதற்கு ஒரு நல்ல இடைவெளி இருக்கிறது. கூறைப்புடவையை ஆசீர்வாதம் பண்ணி வாங்கிக்கொண்டு மணமகள் மாற்றிக்கொள்ளப் போவாள். கால் மணி என்பார்கள், நாற்பது நிமிஷம் ஆகும். அப்போது சொந்தக்காரர்கள் எல்லோரும் புதுத் துணியில், வேர்க்காமல், முன்வரிசையில்தான் இருப்பார்கள். பெரியவர்களைத் தனியாகவும் குடும்பமாகவும் எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. மணமக்களோடு சேர்ந்து எடுக்க வேண்டியதைத் தாலி கட்டி முடிந்ததும், பந்திக்குப் போகுமுன் எடுத்துவிடுங்கள். சாப்பிட்டால் பாதிப் பேர் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

நேரத்தை முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 7.30 முதல் 9.00 முகூர்த்தம் என்றால் மணமகள் 6.30க்குத் தயாராக இருக்க வேண்டும். இப்போதெல்லாம் மேக்கப்புக்கு இரண்டரை மணி நேரம். ஆக 4.00 மணிக்கு அந்த அம்மா மண்டபத்தில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்புகிற நேரத்தை 4.00 என்று சொல்லிவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை.

ரிசப்ஷன் வரிசை என் துறை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 600 பேர் வருகிறார்கள், நாலு நாலு பேராக ஏறினால் 150 குழு. குழுவுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தாலும் இரண்டரை மணி நேரம். பத்திரிகையில் போட்டபடி 6.30க்கு மணமக்கள் மேடையில் நின்றால் 9.00 மணிக்கு முடியும். வெளியே ஷூட்டிங் என்று 7.30க்கு வந்தால் பத்து மணி ஆகும். சர்க்கரை நோயாளிகள் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். எனவே ஜோடிப் படத்தை நாலு மணியிலிருந்து ஐந்தரைக்குள் முடித்துவிடுங்கள், வெளிச்சமும் அப்போதுதான் இதமாக இருக்கும். முடியாவிட்டால் பத்து நாள் கழித்து அதே புடவையைக் கட்டிக்கொண்டு ஈசிஆர் பக்கம் போய் எடுக்கட்டும். நடக்கிற நாளில் வந்தவர்களைக் காக்கவைக்க வேண்டாம்.

தாலி கட்டும் நேரம் பற்றி. நாலு கேமராக்காரர்கள் மேடை முன்னால் நின்றால், கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிவது நாலு முதுகு. நம் சொந்தங்களும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். நாங்கள் முதல் நாளே சாஸ்திரிகளையும் போட்டோகிராபரையும் மேடையில் நிறுத்திப் பேச வைத்தோம். கேமராக்கள் இரண்டு ஓரமும் முட்டிபோட்டு, நடுவில் யாரும் இல்லை. அட்சதையை இருக்கைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதால் யாரும் மேடை ஏற வேண்டியிருக்கவில்லை. கெட்டிமேளம் கேட்டதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே போட்டார்கள். என் மகள் நாத்தனார் முடிச்சுப் போடுவதை 84 வயது மாமியார் நாற்காலியிலிருந்தே பார்த்தார்.

விளக்கு பற்றி ஒரு வார்த்தை. ரிசப்ஷன் மேடையில் ஊதா, நீலம் எல்லாம் பின்திரையில் இருக்கட்டும். முகத்தில் விழுவது வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்க வேண்டும் என்று அலங்காரக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எல்ஈடி திரை இருந்தால் ஒரு படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சிலவற்றில் கோடு கோடாக விழும்.

பணம் பேசும்போது எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். வருவது அவரா, உதவியாளரா, எத்தனை பேர், எந்த மணி வரை, ஆல்பத்தில் எத்தனை ஷீட், எந்தத் தேதிக்குள். கடைசிக் கால் பங்குப் பணத்தை ஆல்பம் கைக்கு வந்தபிறகு கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் வருவதை அன்றைக்கே இன்னொன்றில் பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். முகூர்த்தத்துக்கு முன்னாலேயே அவர்களுக்கு டிபன் போட்டுவிடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வந்தவர்கள் அவர்கள்.

என் பையன் கல்யாணப் பட்டியலில் முதல் பெயரை என் மனைவிதான் எழுதினாள்: அண்ணி. அண்ணன் இல்லாமல் மண்டபத்துக்கே வரத் தயங்கியவர், தூண் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தார். என் தம்பி மகன் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து மணமக்கள் நடுவில் உட்கார வைத்தான். அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது.

பட்டியலின் வெற்றுப் படிவம் ஐம்பது நகல் எடுத்துச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். தை மாதக் கல்யாண வீட்டார் வாங்கிக்கொள்ளலாம். பேனாவை மட்டும் வாட்ச்மேனிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், போன தடவை வரவில்லையாம்.