இரண்டு அனுமதிக் கடிதங்கள், ஒரு வீட்டுப் பத்திரம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செஞ்சியில் மைக் பிடித்தால் கோட்டையைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பது எழுதாத சட்டம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நம் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் செயலாளர், "சார், நீங்க பேங்க்ல இருந்தவர். நம்ம பிளாக்லயே மூணு பிள்ளைங்க வெளிநாட்டுல எம்.எஸ். படிக்கணும்னு நிக்குது. அதைப் பத்திப் பேசுங்க" என்றார். நான் படித்தது பி.காம். எந்த நாட்டு இன்ஜினியரிங் உசத்தி என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கவுண்டரில் உட்கார்ந்து கடன் கணக்கு எழுதியவன். அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு என் தங்கை மகளுக்கு இரண்டு இடம் கிடைத்தது. இரண்டுமே எலக்ட்ரிக்கல், இரண்டுமே இரண்டு வருடம். ஒன்று அமெரிக்காவில், இன்னொன்று ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகத்தில். வீட்டில் எல்லோருக்கும் அமெரிக்கா மீதுதான் ஆசை. ரேங்க் பட்டியலிலும் அதுதான் மேலே. தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுப் பத்திரத்தை வெச்சிடலாமாண்ணே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் கிளையில் ஒரு மல்லாட்டை வியாபாரி கணக்கு வைத்திருந்தார். மகன் படிப்புக்கு வீட்டை அடமானம் வைத்தார். பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் படித்து முடித்த நேரம் 2008. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது, அமெரிக்காவில் வேலை கொடுக்க ஆளில்லை. பையன் திரும்பி வந்தான். நோட்டீஸை டைப் செய்தவன் நான். அவர் கவுண்டருக்கு வந்து, "பையன் நல்லா படிச்சான் சார்" என்று மட்டும் சொன்னார். நான் தலையை நிமிர்த்தவில்லை. கடைசியில் மண்டியை விற்றுத்தான் கடனை அடைத்தார்.

அதனால் தங்கை வீட்டில் நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் கொடுக்கும் ஐ-20 தாளில் ஓராண்டுச் செலவு அச்சிட்டிருக்கும். இவளுக்கு 48,000 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் இரண்டு வருடத்துக்கு 81 லட்சத்து 60 ஆயிரம். அதில் 50 லட்சம் கடன். மீதிக்கு மாப்பிள்ளையின் பி.எஃப்., தங்கையின் நகை. வட்டி 10 சதவீதம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பன்னிரண்டரை லட்சம் வீதம் வாங்கினாலும், மூன்று வருட முடிவில் தனி வட்டியே 11 லட்சத்து 25 ஆயிரம். ஆக 61 லட்சத்து 25 ஆயிரம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 81,000 ரூபாய். பதினைந்து வருடம் என்றாலும் சுமார் 65,800.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகைதான். விதிவிலக்கும் உண்டு: பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் நம் போன்ற வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இலிருந்து கட்டணம் வாங்குகிறது. விசாவுக்கு ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். அது பிள்ளையின் சாப்பாடு, வாடகைப் பணம், வீணாகாது. யூரோ 100 ரூபாய் என்றால் இரண்டு வருடத்துக்குச் சுமார் 24 லட்சம். அதில் 20 லட்சம் கடன் வாங்கினால், வட்டியோடு 25 லட்சம். பத்து வருடத்துக்கு மாதம் சுமார் 33,000.

தாளைத் திருப்பி வைத்து ஒரு கேள்வி கேட்டேன். "வேலை கிடைக்கலன்னா?" யாரும் பேசவில்லை. மாப்பிள்ளைதான், "என்ன மச்சான் இப்படி அபசகுனமா?" என்றார். அபசகுனம் இல்லை, கடன் வாங்குகிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அமெரிக்காவில் வேலை கிடைத்தால் 81,000 ரூபாய் என்பது மாதம் 950 டாலர் சொச்சம், சமாளிக்கலாம். கிடைக்காமல் திரும்பி வந்து சென்னையில் 50,000 சம்பளத்தில் சேர்ந்தால்? அந்தச் சம்பளத்தில் 33,000 கட்டுவது கஷ்டம், ஆனால் முடியும். 81,000 முடியாது. வீடு போய்விடும்.

வேலைக்கான அவகாசத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் படிப்பு முடிந்து 12 மாதம், இன்ஜினியரிங் என்றால் மேலும் 24 மாதம் வேலை பார்க்கலாம். ஆனால் முதல் 12 மாதத்தில் வேலையில்லாமல் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. பிறகு எச்-1பி. ஆண்டுக்கு 65,000, அங்கே முதுநிலை முடித்தவர்களுக்குத் தனியாக 20,000. ஆட்கள் அதிகமானால் குலுக்கல். ஜெர்மனியில் படித்து முடித்தவர்களுக்கு வேலை தேட 18 மாதம். வேலை கிடைத்து ப்ளூ கார்டு வாங்கினால் 27 மாதத்தில் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். ஜெர்மன் மொழி பி1 வரை தெரிந்தால் 21 மாதத்திலேயே.

இதைக் கேட்டு எல்லோரும் ஜெர்மனிக்கு ஓட வேண்டாம். பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம், ஆனால் நிறைய கம்பெனிகளில் வேலைக்கு ஜெர்மன் மொழி கேட்பார்கள். மொழி படிக்க மனம் இல்லாத பிள்ளைக்கு அந்த 18 மாதம் வீண். அதேபோல் அமெரிக்காவில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, உதவித்தொகையும் கொடுத்து எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் நான் மேலே போட்ட கணக்கே மாறிவிடும். அப்போது யோசிக்காமல் அங்கே போகலாம்.

விதிகளும் பாதியில் மாறும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ஆணை வந்தது. அங்கேயே படித்து முடித்து விசா மாறுகிறவர்களுக்கு அது இல்லை என்று பிறகு விளக்கினார்கள். அதற்குள் எத்தனை வீட்டில் தூக்கம் போயிருக்கும்! அதனால்தான் சொல்கிறேன், நல்ல வருடத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். கெட்ட வருடத்திலும் கட்ட முடிகிற கடனை வாங்குங்கள்.

என் மருமகள் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் வந்து, "மாமா, நான் ஜெர்மன் கத்துக்கறேன். அப்பாவோட வீடு வேணாம்" என்றாள். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது. தங்கை பெயரில் இருந்த ஒரு மனையை மட்டும் ஈடு வைத்தார்கள். இப்போது இரண்டாவது செமஸ்டர். மொழி கடினமாக இருக்கிறது என்கிறாள், குளிரைத் தாங்க முடியவில்லை என்கிறாள். வேலை கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் போன் செய்யும்போது கடனைப் பற்றிப் பேசுவதில்லை, பாடத்தைப் பற்றிப் பேசுகிறாள். எனக்கு அது போதும்.

கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் இறங்கினால் விடமாட்டீர்கள். சாயங்காலம் ராஜகிரி ஏறப் போகிற பிள்ளைகளிடம் நாம் என்ன சொல்வோம்? "மேல போறது பெரிசில்ல, இறங்க வெளிச்சம் இருக்கான்னு பாரு" என்போம். இதற்கும் அதேதான். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால், ஐ-20 தாளோ அனுமதிக் கடிதமோ எடுத்துக்கொண்டு எந்தப் பிள்ளை வேண்டுமானாலும் என் வீட்டுக்கு வரலாம். பேனாவும் தாளும் நான் தருகிறேன்.