ஓட்ஸ் பிஸ்கட்டும் அசோசியேஷன் கடிதமும்



நம் தருமபுரி மாவட்டத்து ஏரியூர், பென்னாகரம், நாகமரை பக்கம் மழையை நம்பியே வெள்ளாமை. அதனால் பெங்களூருக்கோ ஓசூருக்கோ திருப்பூருக்கோ பிழைக்கப் போனவர் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. அப்படிப் போனவர்களில் பலர் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். அங்கே நம் பெண்கள் பலர் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு கைவேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். வீட்டிலேயே ஓட்ஸ் பிஸ்கட் சுடுவது. முதலில் பிள்ளைகளுக்கு, பிறகு உறவுக்கு, அப்புறம் பக்கத்துப் பிளாட்டுக்கு, கடைசியில் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் என்று அது வளரும். வளரும்போது குடியிருப்பு அசோசியேஷனிலிருந்து ஒரு கடிதமும் வந்து சேரும். வாசனை வருகிறது, டெலிவரி ஆட்கள் வருகிறார்கள், குடியிருப்பில் வியாபாரம் கூடாது என்று அதில் எழுதியிருக்கும்.

இந்த இரண்டையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை. பிஸ்கட்டைப் பக்குவமாகச் சுடுவது பாதித் தேர்ச்சி. நாலு குடும்பங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் அதைச் சுடுவது மீதிப் பாதி.

முதலில் பக்குவத்தைப் பார்ப்போம். மைதா, கோதுமை மாவில் பசைத்தன்மை தரும் குளூட்டன் இருக்கிறது. ஓட்ஸில் அது இல்லை. நம் ராகியிலும் சாமையிலும் இல்லை. அதனால் இந்தத் தானியங்களைத் தனியாகப் பிசைந்து சுட்டால் எடுக்கும்போதே உதிரும். கைதேர்ந்தவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஓட்ஸை வெறும் வாணலியில், சிறு தீயில், மணம் வரும்வரை வறுத்துக்கொள்கிறார்கள். பாதியை மிக்ஸியில் ரவைபோல் உடைத்து, மீதியை அப்படியே விடுகிறார்கள். உடைத்தது மாவோடு சேர்ந்து பிடிமானம் தரும். உடைக்காதது பல்லுக்கு மெல்லக் கிடைக்கும். கொஞ்சம் கோதுமை மாவும் கட்டாயம் சேரும்.

அடுத்ததுதான் பலரும் அவசரப்படும் இடம். பிசைந்த மாவை அரைமணி நேரமாவது மூடி வைக்க வேண்டும். ஓட்ஸ் ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். பிசைந்த உடனே தொட்டால் மாவு கையில் ஒட்டும். அந்தப் பதத்தைப் பார்த்துப் பயந்து மேலும் மாவு போட்டால் பிஸ்கட் கல்லாகிவிடும். பொறுத்திருந்தால் அதே மாவு தானாக இறுகி, உருட்டினால் உருண்டையாக நிற்கும். உருண்டையை இரண்டு விரலால் அழுத்தி, தட்டில் இடைவெளி விட்டு வைத்து, 170 டிகிரி சூட்டில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் சுடலாம். ஓரம் சிவந்து நடு இன்னும் மெத்தென்று இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்ததும் தொடக் கூடாது. வெண்ணெயும் சர்க்கரையும் ஆறும்போதுதான் இறுகும். மொறுமொறுப்பு தட்டில் இருக்கும்போதுதான் வரும். நடுவும் இறுகட்டும் என்று அடுப்பிலேயே விட்டவர்களுக்குக் கடைசியில் கருகல்தான் மிச்சம்.

ஓவன் இல்லாத வீட்டிலும் இது நடக்கும். அடிகனமான பாத்திரத்தில் உப்பையோ மணலையோ பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிச் சூடேற்றிச் சுடுவது பல வீடுகளில் உண்டு. பிரஷர் குக்கரில் சுடுகிறவர்கள் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். மின்சார ஓவன் வாங்குகிறவர்கள் பிளக் பாயிண்டைப் பாருங்கள். 1,500 வாட் ஓவன் ஆறரை ஆம்பியர் வரை இழுக்கும். சுவரில் இருக்கும் சின்னப் பிளக் 6 ஆம்பியருக்குத்தான். அதில் மாட்டினால் பிளக் சூடாகி உருகக்கூடும். 16 ஆம்பியர் பாயிண்டுதான் இதற்குச் சரி.

இந்தக் கலையை நம் மண்ணோடு சேர்த்துப் பார்க்கும்போது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. ஓட்ஸ் நமக்கு வெளியூர்த் தானியம். ராகி நம்முடையது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழக அரசு, ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது நீலகிரியையும் நம் தருமபுரியையும்தான். நூறு கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வேறு எந்தத் தானியத்திலும் அந்த அளவு கிடையாது. ஓட்ஸோடு பாதிக்குப் பாதி வறுத்த ராகி மாவும், சர்க்கரைக்குப் பதில் வெல்லமும், நம் மானாவாரி நிலக்கடலையை உடைத்தும் சேர்த்தால் அந்தப் பிஸ்கட்டுக்கு ஊர்ச் சுவை வந்துவிடும். வெல்லம் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் பிஸ்கட் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். அதைக் குறையென்று நினைக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து, நாளொன்றுக்கு மூன்று கிராம் அளவில் உடலில் சேர்ந்தால் ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்பது நிறுவப்பட்ட செய்தி. ஆனால் வெண்ணெயும் வெல்லமும் சேர்ந்த பிஸ்கட் மருந்து ஆகாது. அது பண்டம். பண்டமாகவே அளவோடு சாப்பிட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு நல்லது என்று சொல்லி யாரும் இதை விற்கக் கூடாது.

இனி அசோசியேஷன். அங்கிருந்து வரும் கோரிக்கைகளை ஒரே குரலாக எடுத்துக்கொண்டு கோபப்படுவதில் பயனில்லை. அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை நியாயமானது. உடனே ஒப்புக்கொள்ள வேண்டியது. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை வைத்து விற்பனைக்குச் சமைப்பது விதிமீறல். மாடிப்படியில் மாவு மூட்டை அடுக்கினால், தீப்பிடிக்கும் நாளில் மேல்வீட்டுக்காரர் இறங்க வழியில்லை. வெண்ணெய்த் தட்டைக் கழுவிய கொழுப்பு சாக்கடைக் குழாயை அடைத்தால் கீழ்வீட்டில் தண்ணீர் எதிர்த்து வரும். இவற்றைச் சொல்லும் அசோசியேஷன் தன் கடமையைத்தான் செய்கிறது. தட்டை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் போதும், குழாய் பிழைக்கும்.

இரண்டாவது வகை, பேசித் தீர்க்க வேண்டியது. டெலிவரிக்காரர் எந்த நேரம் வரலாம், வாசலில் வாங்கிக்கொள்வதா, வாட்ச்மேன் அறையில் வைப்பதா, ஓவன் எத்தனை மணிவரை ஓடலாம் என்பதெல்லாம் இதில் அடக்கம். இதற்கு வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுவதைவிட, பொதுக்குழுவில் எழுந்து நின்று, நானே ஒரு நேரத்தை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்வது பலன் தரும். மேல்வீட்டு அக்காவிடம் ஒரு தட்டைக் கொடுத்து, தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கக்கா என்று முன்கூட்டியே கேட்டுவிடுகிற பெண்களுக்குக் கடிதமே வருவதில்லை.

மூன்றாவது வகை, மறுக்க வேண்டியது. வாடகைக்கு இருப்பவர் ஓவனே வைக்கக் கூடாது, வீட்டு வாசனை வெளியே வரவே கூடாது, எழுத்தில் இல்லாத விதிக்கு அபராதம் கட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்வது இந்த வகை. தன் வீட்டு அடுப்பில் தன் பிள்ளைக்குச் சுடுவதை யாரும் தடுக்க முடியாது. இந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது துணைவிதியில் எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அசோசியேஷன் எழுத்துவடிவத் துணைவிதியின்படிதான் நடக்க வேண்டும். செயலாளரின் அன்றைய மனநிலைப்படி நடத்த முடியாது. அந்தத் துணைவிதியின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

விற்கத் தொடங்கியவர்கள் தங்கள் பக்கத்தையும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கென 2011-ல் வந்த விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு வியாபாரிக்கு எளிய பதிவு போதும் என்று வைத்தன. கட்டணம் ஆண்டுக்கு நூறு ரூபாய் என்றும் அந்த விதிகள் வைத்தன. பதிவு எண்ணையும், சேர்த்த பொருள்களையும், சுட்ட தேதியையும் பொட்டலத்தில் அச்சிடுங்கள். பதிவுச் சான்றிதழை நீங்களே கொண்டுபோய்ச் செயலாளரிடம் காட்டினால், திருட்டுத்தனமாக ஏதோ நடக்கிறது என்ற பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. தமிழர்கள் நிறையப் பேர் வாழும் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், வீட்டில் சுட்டதை விற்க 2021-ல்தான் வழி பிறந்தது. அந்த நாட்டு மாநிலங்களில் கடைசியாக இறங்கிவந்தது அதுதான். வீட்டில் சுட விரும்பிய பெண்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தித்தான் அதைப் பெற்றார்கள். அங்கேயும் அரசு அனுமதித்த பிறகு குடியிருப்புச் சங்கத்தின் விதி குறுக்கே நிற்பது உண்டு.

என் மதிப்பீட்டைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டு ஓட்ஸ் பிஸ்கட் சிறு கலைதான், ஆனால் முழுமையான கலை. தானியத்தை அறிவது, சூட்டை அறிவது, பொறுத்திருப்பது மூன்றும் அதில் இருக்கின்றன. வெளியூரில் வேலையை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு நாலு சுவருக்குள் இருக்கும் நம் பெண்ணுக்கு அது சொந்தக் காசு. தன் பெயர் சொல்லும் ஒரு பொருள். அசோசியேஷன்களில் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தடை என்று எழுதும் முன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். தீ, சாக்கடை, வழி, நேரம் இந்த நான்குக்கும் தெளிவான விதி எழுதுங்கள். மற்றதை அவரிடம் விடுங்கள். சுடுகிறவர்களும் அந்த நான்கையும் யாரும் சொல்லாமலே கடைப்பிடியுங்கள். அப்படி நடக்கும் குடியிருப்பில் இந்தத் தொழிலும் நிற்கும், அக்கம்பக்கத்து உறவும் நிற்கும்.