உதடே சீவாளி

(முன்னாள் மாணவர் கூடுகையின் முதல் நாள் மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் 2009-இல் மெக்கானிக்கல் பிரிவில் படித்து முடித்தவன். சங்கச் செயலாளர் அண்ணன் போன வாரம் போன் பண்ணி, "தம்பி, வர்றவங்க எல்லாரும் வேலைவாய்ப்பு, வெளிநாடுன்னே பேசிடறாங்க. நீ அந்த டிரம்பெட்டைப் பத்திப் பேசு" என்றார். இருபத்தைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவனுக்கு இது ரொம்பவே தாராளம்.

இந்தக் கல்லூரி பேண்டில்தான் முதன்முதலாக டிரம்பெட்டைத் தொட்டேன். பிறகு 2014 முதல் 2018 வரை தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் வேலை. அங்கே ஒரு பித்தளைக் குழுவில் நான்கு வருடம் இரண்டாம் டிரம்பெட் வாசித்தேன். மேடைக் கலைஞன் இல்லை. அந்த அளவோடு நான் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரம்பெட் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "நெஞ்சு வலிக்காதா?" கன்னத்தை உப்பவைத்து, கழுத்து நரம்பு புடைக்க ஊதவேண்டும் என்று ஓர் எண்ணம். டிஸ்ஸி கில்லஸ்பி என்ற அமெரிக்க ஜாஸ் மேதையின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் இன்னும் பலப்பட்டிருக்கும். இரண்டு கன்னமும் தவளை மாதிரி இருக்கும். அவர் விதிவிலக்கு, அவரைப் பார்த்து யாரும் பழகக்கூடாது.

நாகஸ்வரத்துக்குச் சீவாளி உண்டு. காற்று பட்டதும் அது துடிக்கும், அந்தத் துடிப்பைக் குழல் பெருக்கித் தரும். டிரம்பெட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. நம் உதடேதான் சீவாளி. 440 அதிர்வுள்ள ஒரு சுரம் வாசித்தால், உதடு ஒரு வினாடிக்கு 440 முறை திறந்து மூடுகிறது. சும்மா காற்றை மட்டும் உள்ளே அனுப்பினால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி 'புஸ்' என்று வரும், அவ்வளவுதான்.

வால்வு மூன்றுதான், இத்தனை சுரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். என்.சி.சி. முகாமில் விடியற்காலையில் நம்மை எழுப்பிவிடும் ப்யூகிளில் ஒரு வால்வுகூட இல்லை. நம் ஊர்க் கோயிலில் ஊதும் கொம்பிலும் தாரையிலும் இல்லை. ஒரே நீளக் குழாயில் உதட்டின் வேகத்தை மாற்றி மாற்றி, அந்தக் குழாய் ஒத்துக்கொள்கிற நாலைந்து சுரங்களை எடுக்கிறார்கள். அந்தச் சுரங்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களை நிரப்பத்தான் வால்வு. 1818-இல் இரண்டு பேர் பிரஷ்யாவில் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள்.

(இங்கே வால்வைத் தொடாமல் ஐந்து சுரங்களை வாசித்துக் காட்டினேன்.)

இப்போது மேலே போகவேண்டும். உதட்டை இறுக்கி, நாக்கை 'ஆ' நிலையிலிருந்து 'ஈ' நிலைக்குக் கொண்டுவந்து, காற்றின் வேகத்தைக் கூட்டவேண்டும். இது பழகுவதற்கு மாதங்கள் ஆகும். ஆனால் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது: கருவியை உதட்டோடு சேர்த்து அழுத்துவது. உடனே மேல் சுரம் வந்துவிடும். வந்ததும் பையனுக்குச் சந்தோஷம், பார்க்கிறவர்களுக்கும் சந்தோஷம். ஆனால் மவுத்பீஸின் விளிம்பு உதட்டில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. இருபது நிமிடத்தில் உதடு மரத்துப்போகும். மரத்த உதட்டிலிருந்து சத்தம் வரவழைக்க இன்னும் அழுத்துவான். லூயி ஆம்ஸ்ட்ராங் போன்ற மகா கலைஞருக்கே 1930களில் உதடு புண்பட்டு, பல மாதம் வாசிக்காமல் இருக்க நேர்ந்தது. நம் பேண்டுகளில் இரண்டாம் வருடம் பிரமாதமாக வாசித்த பையன் நான்காம் வருடம் கருவியை வைத்துவிட்டுப் போவதற்குப் பெரும்பாலும் படிப்பு காரணம் இல்லை. உதடுதான் காரணம்.

இதற்கு மருந்து, மெதுவாக வாசிப்பது. ஹெர்பர்ட் கிளார்க் என்பவர் 1912-இல் வெளியிட்ட பயிற்சி நூலை இன்றைக்கும் உலகமெங்கும் டிரம்பெட் மாணவர்கள் வைத்திருக்கிறார்கள். அதன் முதல் பயிற்சிகள் எல்லாம் மிக மிக மெதுவாக, ஒரே மூச்சில் பலமுறை திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்பவை. பக்கத்தில் குழந்தை தூங்குகிறது, அது எழுந்திருக்கக்கூடாது, ஆனால் சுரம் உடையாமல் நிற்கவேண்டும். அந்த அளவு மெதுவு. அழுத்துகிறவனால் இது முடியவே முடியாது. அதனால்தான் இதைச் செய்யச் சொல்கிறார்கள். ஐந்து நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடம் ஓய்வு. ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரர்களும் இந்த முறையை ஆதரிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நாக்கைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. வேகமாக வரும் சுரங்களுக்கு ஐரோப்பியப் பாட நூல்கள் 'து-கு-து-கு' என்று நாக்கைத் தட்டச் சொல்கின்றன. மிருதங்கச் சொல்லில் 'தக தக' என்று வாயால் சொல்லிப் பழகியவனுக்கு அது ஒரு நாள் வேலை.

இனி பொறியாளர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். சாதாரண பி-பிளாட் டிரம்பெட்டை நீட்டி நிமிர்த்தினால் ஏறக்குறைய 148 சென்டிமீட்டர். ஓர் அரைச்சுரம் கீழே போக, இருக்கிற நீளத்தில் சுமார் 6 சதவீதம் கூட்டவேண்டும். இரண்டாம் வால்வு ஓர் அரைச்சுரம் இறக்கும், முதல் வால்வு இரண்டு, மூன்றாம் வால்வு மூன்று. கணக்குப் போட்டால் முதல் வால்வுக்கு 18 சென்டிமீட்டர், மூன்றாவதுக்கு 28. ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 46 சென்டிமீட்டர் கூடுகிறது. ஆனால் ஐந்து அரைச்சுரம் கீழே போக வேண்டியது கிட்டத்தட்ட 49.5. மூன்றரை சென்டிமீட்டர் குறைகிறது! ஏன்? சதவீதம் எப்போதும் இருக்கிற நீளத்தின் மேல்தானே. முதல் வால்வை அழுத்தியதும் குழாய் நீண்டுவிட்டது. அந்த நீண்ட குழாய்க்கு மூன்றாம் வால்வின் 28 பற்றாது. கூட்டு வட்டியைத் தனி வட்டியால் கட்டப் பார்க்கிற கதை.

ஆகவே அந்தச் சுரம் எந்தக் கம்பெனிக் கருவியிலும் கொஞ்சம் மேலே நிற்கும். இதற்காகத்தான் மூன்றாம் வால்வுக் குழாயில் ஒரு வளையம் இருக்கிறது. இடது கை மோதிர விரலை அதில் விட்டுக் குழாயை வெளியே தள்ளவேண்டும். குழாய் வளைந்து திரும்புவதால் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் தள்ளினால் மூன்றரை கூடிவிடும். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்த வளையத்தைக் கருவி கீழே விழாமல் பிடித்துக்கொள்ளக் கொடுத்திருப்பதாக நினைக்கிறார்கள். அந்தக் குழாயும் துருவேறி இறுகிக் கிடக்கும்.

எவ்வளவு தள்ளவேண்டும் என்பதைக் கருவி சொல்லாது. பக்கத்தில் வாசிக்கிறவரைக் கேட்டால்தான் தெரியும். குழுவாக வாசிப்பதைப் பற்றி நான் சொல்ல வந்ததும் இதுதான்.

ஜெர்மனியில் நான் சேர்ந்த குழுவை அங்கே 'போசௌனன்கோர்' என்பார்கள். நேராகச் சொன்னால் டிராம்போன் குழு. ஆனால் டிரம்பெட், ஹார்ன், ட்யூபா எல்லாம் இருக்கும். புராட்டஸ்டண்ட் தேவாலயங்களைச் சேர்ந்த இந்த மாதிரிக் குழுக்கள் அந்நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. 2016 ஜூனில் டிரெஸ்டன் நகரில் எல்லாக் குழுக்களும் கூடியபோது பதினேழாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒன்பது பேர் போனோம். யாருக்கும் இது தொழில் இல்லை. எங்கள் குழுத் தலைவர் ஒரு தச்சர். என் வலப்பக்கம் பதினொரு வயதுச் சிறுமி, பின்னால் ட்யூபாவோடு எழுபது தாண்டிய ஒரு பெரியவர். சிறுமியின் டிரம்பெட் குழுவுக்குச் சொந்தமானது, கற்றுக்கொள்கிறவரை இரவல். என்னிடம் எந்த மதம் என்று கேட்கவில்லை. "செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வர முடியுமா?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஒரு வேடிக்கை. டிரம்பெட்காரர்களுக்குத் தாளில் 'சி' என்று எழுதியிருந்தால் காதில் விழுவது 'பி-பிளாட்'. உலக வழக்கம் அது. அதைத்தான் இங்கே கற்றேன். ஆனால் அந்தக் குழுக்களில் பாட்டுப் புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே வாசிக்கிறார்கள். கூலோ என்ற பெயருடைய தந்தையும் மகனும் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய பழக்கம். சபையில் எல்லோர் கையிலும் இருக்கும் அதே புத்தகம் போதும், தனியாகத் தாள் எழுதவேண்டாம். இதனால் 'சி' வந்தால் வால்வைத் தொடாத நான், முதல் வால்வை அழுத்தவேண்டியதாயிற்று. அப்படியே எல்லாச் சுரத்துக்கும். விரலை மாற்ற எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அங்கே ஒவ்வொரு செவ்வாயும் முதல் கால் மணி நேரம் பாட்டே கிடையாது. ஒரு கூட்டுச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நம் கணக்கில் ச-க-ப. ட்யூபா ஷட்ஜம், டிராம்போன் பஞ்சமம், காந்தாரம் பெரும்பாலும் இரண்டாம் டிரம்பெட்டுக்கு, அதாவது எனக்கு. பியானோவில் இருக்கிற காந்தாரம், இயற்கையான காந்தாரத்தைவிட ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு உயரம். ட்யூனிங் மெஷினைப் பார்த்து, முள் நடுவில் நிற்கிறது, நான் சரி என்று ஊதினால் கூட்டுச் சுரம் கலங்கும். பள்ளிக்கூட இயற்பியலில் 'விம்மல்' என்று படித்தோமே, அது காதிலேயே கேட்கும். 440-உம் 442-உம் சேர்ந்தால் வினாடிக்கு இரண்டு விம்மல். காந்தாரக்காரன் இம்மி இம்மியாகக் கீழே இறங்கிவர, விம்மல் நீண்டு, நின்றுவிடும். அப்போது யாரும் வாசிக்காத ஓர் ஆழமான சுரம் அடியிலிருந்து எழும்பும். ட்யூபாக்காரர் இருமப் போயிருந்தாலும் ட்யூபா கேட்கும்!

அந்தக் காந்தாரத்தை எப்படி உடனே பிடித்தாய் என்று தச்சர் கேட்டார். எங்கள் வீட்டில் அத்தை பாடுவார், தம்புராவைச் சுருதி சேர்ப்பது என் வேலை என்றேன். தம்புராவின் மந்தரத் தந்தியைக் கவனித்துக் கேளுங்கள். யாரும் மீட்டாத ஓர் அந்தர காந்தாரம் அதற்குள் இருக்கும். அதே காந்தாரம்தான் இது.

1597-இல் வெனிஸில் ஜியோவன்னி கபிரியேலி வெளியிட்ட ஒரு படைப்பையும் அங்கே வாசித்தோம். 'சொனாட்டா பியான் எ ஃபோர்ட்டே', அதாவது மெதுவும் பலமும். எங்கே மெதுவாக, எங்கே பலமாக என்று அச்சிலேயே குறித்துத் தந்த மிகப் பழைய படைப்புகளில் ஒன்று. அதில் உண்மையில் டிரம்பெட் இல்லை, அவர் எழுதியது வேறு கருவிக்கு. இன்று டிரம்பெட்டில் வாசிக்கிறோம். இரண்டு குழு, தேவாலயத்தின் இரண்டு பக்கம். நடுவில் இருபது மீட்டர் என்றால் சத்தம் வந்துசேர வினாடியில் பதினேழில் ஒரு பங்கு ஆகிறது. எதிர்க்குழுவைக் காதால் கேட்டு வாசித்தால் பின்தங்கிவிடுவோம். அங்கே மட்டும் காதை நம்பாமல் தச்சரின் கையைப் பார்க்கவேண்டும். டிசம்பரில் சந்தைத் திடலில் வாசிப்பது இன்னொரு கூத்து. குளிரில் சுருதி இறங்கும், வால்வில் நீர் உறையும். இரண்டு பாட்டுக்கு நடுவே கருவியைக் கோட்டுக்குள் வைத்து அணைத்துக்கொண்டு நிற்போம்.

முதல் வாரம் தச்சர் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொன்னார்: "பக்கத்தில் இருப்பவர் கேட்கவில்லை என்றால் நீங்கள் சத்தமாக வாசிக்கிறீர்கள்." நான் சிரித்துவிட்டேன். இதே கல்லூரியின் பேண்டு அறையில், 2006-இல், எங்கள் மாஸ்டர் சொன்னது அச்சு அசலாக அதுதான். "பக்கத்துல இருக்கிறவன் சத்தம் உன் காதுல விழணும்டா. விழலேன்னா நீ அதிகமா ஊதறே."

மாஸ்டரை இங்கே பலருக்குத் தெரியும். கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, இழவு வீடு எல்லாவற்றிலும் வாசித்த பேண்டு செட்டுக்காரர். சுரத்தாள் படிக்க அவருக்குத் தெரியாது. ஆனால் ஆறு டிரம்பெட்டில் எது விலகுகிறது என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்வார். அவரை விழாவுக்கு விழா கூப்பிட்டு அன்றைக்குக் கூலி கொடுத்து அனுப்புவதுதான் இன்றைக்கும் நடக்கிறது. காலையில் வாசலில் நம்மை வரவேற்ற பேண்டில் அவர் நின்றார். எத்தனை பேர் பார்த்தோம்?

இன்று மதியம் பேண்டு அறையைத் திறந்து பார்த்தேன். அலமாரியில் ஆறு டிரம்பெட், ஒரு டிராம்போன், இரண்டு யூபோனியம். நான்கு டிரம்பெட்டில் வால்வு அசையவில்லை. எதுவும் வீணாகிவிடவில்லை, எண்ணெய் காணாமல் இறுகியிருக்கிறது. எங்கள் 2009 செட்டில் பதினான்கு பேர் சேர்ந்து, மாஸ்டர் வாரம் இரண்டு மாலை வந்து எட்டுப் பேருக்குச் சொல்லித்தர முதல் வருடச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். முதல்வர் ஐயா சம்மதம் சொல்லிவிட்டார். அணிவகுப்புக்கு இல்லை, உட்கார்ந்து மெதுவாக வாசிக்கிற சின்னக் குழு. இரண்டாம் வருடத்துக்கு எந்த செட் வருகிறது என்று இங்கேயே கேட்டுவிடுகிறேன். கையைத் தூக்குகிறவர்கள் பெயரைச் செயலாளர் அண்ணன் குறித்துக்கொள்வார்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு கருவிகளைக் கழுவப்போகிறோம். வர விரும்பும் தம்பி தங்கைகள் பழைய பருத்தித் துணி கொண்டு வாருங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிநீர் மேற்பூச்சை உரித்துவிடும். வால்வு ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று எண் இருக்கும், கழற்றும்போது மாற்றிப் போட்டுவிடாதீர்கள். மவுத்பீஸ் மாட்டிக்கொண்டிருந்தால் யாரும் கட்டிங் பிளேயரைத் தூக்காதீர்கள், அதை எடுக்கிற கருவி என்னிடம் இருக்கிறது. வால்வு ஆயில் ஆறு பாட்டில் கொண்டுவந்திருக்கிறேன். மாஸ்டர் பதினொரு மணிக்கு வருகிறார்.